ஆசிரியர் மீது புகார்: தலைமையாசிரியர் அறையிலிருந்து இறுதி ஆணை வரை

அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் மீது புகார் கிளம்பினால் வழக்கமாக நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பெற்றோர் காலையிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். தலைமையாசிரியர் நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார். ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டு "இனி நடக்காது" என்பார். அப்படியும் அடங்காவிட்டால், நிர்வாக மாறுதல் என்ற பெயரில் அவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளிக்குப் போவார். அவர் தவறு செய்தவர் என்றால், புதிய பள்ளியின் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தவறே செய்யாதவர் என்றால், "அங்கே ஏதோ பிரச்சினையாம்" என்ற பேச்சு அவருக்கு முன்பே போய் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும்.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். புகார் வாங்கியிருக்கிறேன், என் மீதே ஒன்று வந்திருக்கிறது, பிறர் மீதான குற்றச்சாட்டுகளில் விசாரணை அலுவலராகவும் இருந்திருக்கிறேன். இத்தனையிலும் நான் கண்டது ஒன்றுதான்: தாளில் ஏறாத புகார் தீர்வதில்லை, இடம்தான் மாறுகிறது. கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான நடைமுறை. உதவிபெறும் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் வழி பிரியும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: இது எந்த வகைப் புகார்?

இதில் தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறும். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் என்ற புகார், அல்லது அப்படி ஒரு சந்தேகம் எழுந்தால், அது பள்ளி விசாரிக்கும் விஷயமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். தலைமையாசிரியர்கள் பலருக்கு இது தெரியும். இருந்தும் "உண்மையா என்று முதலில் நாம் விசாரித்துவிடுவோம்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வேலையைச் சட்டம் உங்களிடம் தரவில்லை. குழந்தை சொன்னதை ஒருமுறை கேளுங்கள். அதன் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் குழந்தையின் எதிரில் நிறுத்தவே கூடாது. பிறகு காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ தகவல் கொடுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அலுவலர், கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் பதிவு செய்ய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. "ஸ்டேஷனுக்கு இழுத்துவிடுவார்கள்" என்று தயங்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

சமாதானம் பேசும் பெரியவர்களுக்கும் ஒரு தகவல். ராஜஸ்தானில் மாணவியிடம் அத்துமீறியதாக ஓர் ஆசிரியர் மீது தொடரப்பட்ட வழக்கை, பெற்றோருடன் சமரசம் ஆகிவிட்டது என்பதை வைத்து உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி வழக்கை மறுபடியும் உயிர்ப்பித்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இந்தக் குற்றம் தீராது.

இரண்டாவது வகை, பணி ஒழுங்கு மீறல். தாமதமாக வருவது, சொல்லாமல் விடுப்பில் போவது, மது அருந்திவிட்டுப் பள்ளிக்கு வருவது, அடிப்பது, சாதியைச் சொல்லித் திட்டுவது, பணம் வசூலிப்பது, தன்னிடமே டியூஷன் வரச் சொல்வது. இவற்றில் அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவிலேயே தடை செய்யப்பட்டவை. "இரண்டு அடி போட்டால்தான் உருப்படும்" என்று பெற்றோரே எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தடை நீங்காது. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு தனி டியூஷனைத் தடுக்கிறது. மற்றவை 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்குள் வரும். குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளில் (மெமோ) திரும்பத் திரும்பத் தென்படும் 20ஆம் விதி, நேர்மையும் கடமை உணர்வும் தவறியதைப் பற்றியது. சாதி இழிவும் பலத்த காயமும் குற்றவியல் சட்டத்துக்குள்ளும் வரும். அப்போது துறையும் காவலும் தனித்தனியே நடவடிக்கை எடுக்கலாம்.

மூன்றாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மதிப்பெண் குறைவு, "மிஸ் என் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதே இல்லை", வீட்டுப்பாடம் அதிகம், வீட்டுப்பாடம் குறைவு. இவை குறைகள்தான், ஆனால் ஒழுங்கு மீறல் ஆகா. தலைமையாசிரியர் அறையில் டீயுடன் முடிக்க வேண்டியவை இவையே. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்கிறார்கள், அங்கே பேசலாம். இதைப் பெரிதாக்கி மனு எழுதுபவர், உண்மையான புகாருடன் வரும் அடுத்த பெற்றோரின் வார்த்தையையும் மலிவாக்கிவிடுகிறார்.

பெண் ஆசிரியர் சக ஆசிரியர் மீதோ தலைமையாசிரியர் மீதோ பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தால் அது வேறு பாதை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியிடத்தில் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். குழு 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: எழுதுவது

"அந்த வாத்தியார் சரியில்லை, ஒழுங்காகப் பாடம் நடத்துவதில்லை, கண்டபடி பேசுகிறார், தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. இதை வைத்து எந்த அலுவலராலும் எதுவும் செய்ய முடியாது. கண்டபடி என்றால் எப்படி, எந்த வகுப்பில், எந்த நாளில்?

தேதி, நேரம், இடம், நடந்தது, சொல்லப்பட்ட வார்த்தை, யார் அருகில் இருந்தார்கள், அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு பத்தி போதும். கேட்டதையும் பார்த்ததையும் கலக்காதீர்கள்; மகன் சொன்னது என்றால் மகன் சொன்னது என்றே எழுதுங்கள். காயம் என்றால் அன்றே அரசு மருத்துவமனைச் சீட்டு. பண வசூல் என்றால் பணப் பரிமாற்றத்தின் திரைப்பதிவு. வாட்ஸ்அப் செய்தி என்றால் எண் தெரியும்படி எடுத்த பதிவு. மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள். நடவடிக்கை என்னவாக இருக்க வேண்டும் என்பதை எழுதவே வேண்டாம். "நிரந்தரமாக நீக்க வேண்டும்" என்ற வரி மனுவில் இருந்தால், படிக்கிற அலுவலருக்கு முதலில் தோன்றுவது பழைய பகையோ என்ற சந்தேகம்தான்.

பெயர் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடுங்கள். மொட்டைக் கடிதம் எழுதியவருக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் விசாரணையில் சாட்சி சொல்ல ஆளில்லாத கடிதம் எங்கே போய் நிற்கும்? 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பொருத்தமானது. மத்திய அரசு அலுவலர் ஒருவரை மொட்டைக் கடிதத்தின் அடிப்படையில் இடமாற்றம் செய்திருந்தார்கள். விசாரித்ததில் கடிதத்தில் உண்மை இல்லை. தண்டனைக்குப் பதிலாக இடமாற்றம் செய்வது சட்டவிரோதம் என்று சொல்லி நீதிமன்றம் அந்த மாறுதலை ரத்து செய்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பும் நம் வழக்கத்துக்கும் இதுவே பதில்.

மூன்றாம் படி: எங்கே கொடுப்பது

தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். தலைமையாசிரியர் மீதே புகார் என்றால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைக்கு மாவட்டக் கல்வி அலுவலர். 2022 மறுசீரமைப்புக்குப் பின் மாவட்டக் கல்வி அலுவலர்கள் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று தனித்தனியே இருக்கிறார்கள். தவறான அலுவலகத்துக்குப் போன மனு மூன்று வாரம் மேசை மேசையாய்ச் சுற்றிவிட்டுத்தான் சரியான இடத்துக்கு வரும். அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். மாணவர் தாமாகவே பேசக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. பள்ளியில் மாணவர் தம் குறையை எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டியும் இருக்கிறது, திறந்து பார்க்கிறார்களா என்று கேட்பது மேலாண்மைக் குழுவின் வேலை.

மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் முதலமைச்சரின் தனிப்பிரிவிலும் கொடுக்கலாம். ஆனால் அவையும் சுற்றி வந்து அதே கல்வி அலுவலரிடம்தான் சேரும். எடுத்த எடுப்பில் ஒன்பது இடத்துக்கு மனுப் போடுபவர்கள் ஒன்பது பேரும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருக்க வழி செய்கிறார்கள்.

அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வழி, கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு. அந்தச் சட்டம் தரும் உரிமை மீறப்பட்டால் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துமூலம் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு. அடித்தது தொடர்பான புகார்களுக்கு இது நல்ல வழி.

நான்காம் படி: முதற்கட்ட விசாரணை

இது உண்மை கண்டறிவது மட்டும். யாரும் இதில் தண்டிக்கப்படுவதில்லை. வருபவர் முதலில் பார்க்க வேண்டியது பதிவேடுகளை. வருகைப் பதிவேடு, பள்ளிக் கல்வித் துறைச் செயலியில் உள்ள வருகைப் பதிவு, பாடக் குறிப்பேடு, கால அட்டவணை. ஓர் ஆசிரியர் இரண்டு ஆண்டாகப் பத்து மணிக்குத்தான் வருகிறார் என்று ஊரே சொன்ன ஒரு புகாரை நான் விசாரித்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. அன்றைய தலைமையாசிரியர் எல்லா நாளும் முன்கூட்டியே கையெழுத்துப் போட விட்டிருந்தார். குற்றம் அந்த ஆசிரியரோடு நிற்கவில்லை என்று எழுத வேண்டியதாயிற்று. இரக்கப்பட்டுப் பதிவு செய்யாமல் விடும் தலைமையாசிரியர் ஒருநாள் தானே பதில் சொல்ல வேண்டிவரும்.

மாணவர்களிடம் வாக்குமூலம் வாங்கும்போது பத்துப் பேரை வரிசையாக உட்காரவைத்து ஒருவர் எழுதியதை எல்லோரும் பார்த்து எழுதவிடாதீர்கள். பத்துத் தாளிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்த கோப்பு ஒன்று என் கைக்கு வந்தது. அந்த வழக்கு அங்கேயே செத்தது, பிள்ளைகள் சொன்னது உண்மையாகவே இருந்தும்.

ஐந்தாம் படி: 17(ஏ) அல்லது 17(பி)

ஆசிரியர் அறையில் மெல்லிய குரலில் உச்சரிக்கப்படும் எண்கள் இவை. இரண்டும் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் உள்ளவை. சிறு தண்டனை போதும் என்றால் 17(ஏ): குறிப்பாணை வரும், எழுத்துமூல விளக்கம் கொடுக்க வேண்டும், அதைப் பரிசீலித்து ஆணை. கண்டனமோ, ஊதிய உயர்வைக் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைப்பதோ இதில் வரும். பெருந்தண்டனைக்கு இடமுண்டு என்றால் 17(பி): திட்டவட்டமான குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு அடிப்படையான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் ஆகியவற்றுடன் குறிப்பாணை, பிறகு வாய்மொழி விசாரணை. பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு ஆகியவை இந்த வழியாக மட்டுமே வர முடியும். பணிநீக்கமும் பணியறவும் ஒன்று போலத் தோன்றும். பணிநீக்கம் செய்யப்பட்டவர் பிறகு அரசு வேலைக்கு வருவதற்குப் பொதுவாகத் தடையில்லை, பணியறவில் தடை.

இங்கே அலுவலகங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊதிய உயர்வை நிறுத்துவது இரண்டு விதம். ஓராண்டு நிறுத்திவிட்டு மறு ஆண்டு பழையபடி சேர்த்துத் தருவது சிறு தண்டனை. நிறுத்திய தொகை பணிக்காலம் முழுவதும் திரும்பி வராது என்றால் அது பெருந்தண்டனை. முறையான விசாரணை இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் 17(ஏ)இல் விளக்கம் கேட்டுவிட்டு இந்தத் தண்டனையைக் கொடுத்துவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்குப் போனதும் ஆணை விழுந்துவிடும். தவறு செய்தவர் மாலையோடு பள்ளிக்குத் திரும்புவார்.

குற்றச்சாட்டை எழுதும் கையும் முக்கியம். "பொதுமக்களிடம் கெட்ட பெயர் வாங்கினார்" என்பது குற்றச்சாட்டு ஆகாது. "இன்ன தேதியில் எட்டாம் வகுப்பு அறையில் இன்ன மாணவரை மரப் பிரம்பால் அடித்து இடது கையில் காயம் ஏற்படுத்தினார்" என்பது குற்றச்சாட்டு.

குறிப்பாணை பெற்ற ஆசிரியருக்கு: அன்றிரவே பதில் எழுத உட்காராதீர்கள். பெற்ற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள ஆவணங்களின் நகல் கேட்டு முதலில் ஒரு கடிதம் கொடுங்கள். வந்த பிறகு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே பதில். "இருபத்திரண்டு ஆண்டு அப்பழுக்கற்ற பணி" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, அந்த நாளில் அந்தப் பாடவேளையில் நீங்கள் எந்த வகுப்பில் இருந்தீர்கள் என்ற ஒரு வரி பெரியது. நடந்தது உண்மை என்றால் ஒப்புக்கொண்டு சூழ்நிலையைச் சொல்லுங்கள். மறுத்துவிட்டு நிரூபணமான குற்றமே அதிகத் தண்டனை வாங்கித் தருகிறது. புகார் கொடுத்த பெற்றோர் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். அந்த மாணவரிடம் பேசவே பேசாதீர்கள். இரண்டாவது குற்றச்சாட்டு பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

தற்காலிகப் பணிநீக்கம்

17(ஈ) விதியின் கீழ் வரும் இது தண்டனையாகாது. சாட்சியைக் கலைக்காமல் இருக்கவும் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்கவும் எடுக்கும் ஏற்பாடு. அந்தக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு, தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிச் சம்பளம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமலே மூன்று மாதத்துக்கு மேல் இதை இழுக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு. "சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்" என்றதும் பெற்றோர் வெற்றி என்று பட்டாசு வெடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர் அதே வகுப்பில் நிற்கும்போதுதான் விசாரணையே தொடங்கவில்லை என்று தெரிகிறது. இந்த மூன்று மாதமும் குறிப்பாணை போயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

தனியார், உதவிபெறும் பள்ளிகளில் பணிநீக்கத்துக்குக் கல்வித் துறையின் முன் ஒப்புதல் தேவை என்றும், தற்காலிகப் பணிநீக்கம் இரண்டு மாதத்துக்கு மேல் நீளக் கூடாது என்றும் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வகுத்தது. இப்போது அதன் இடத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிர்வாகம் கொடுத்த ஆணையில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

ஆறாம் படி: விசாரணை நாள்

விசாரணை அலுவலர் புகார்தாரராகவோ சாட்சியாகவோ இருக்கக் கூடாது. முதற்கட்ட விசாரணையை நடத்தியவரும் வேண்டாம் என்பேன். முதலில் துறைத் தரப்புச் சாட்சிகள், ஆசிரியரின் குறுக்கு விசாரணை, பிறகு அவர் தரப்புச் சாட்சிகள். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

குழந்தை சாட்சி என்றால்? குறுக்கு விசாரணை ஆசிரியரின் உரிமை; ஆனால் எதிரெதிரே உட்காரவைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. கேள்விகளை எழுதி வாங்கி விசாரணை அலுவலரே கேட்கலாம். நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவியிடம் தவறாக நடந்துகொண்ட வழக்கில், மாணவிகளைக் குறுக்கு விசாரணைக்கு ஆளாக்காமல் அவரை நீக்கியதை 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது அந்த அமைப்பின் தனி விதியை ஒட்டிய தீர்ப்பு. எல்லா இடத்திலும் அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஆனாலும் குழந்தையின் மானத்தை நீதிமன்றம் எந்தத் தட்டில் வைத்தது என்பது அதில் தெரியும்.

துறை விசாரணையில், நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று ஆதாரம் காட்டினால் போதும். குற்றவியல் நீதிமன்றம் போலச் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் விடுதலையானவர் துறையில் தண்டிக்கப்படுவது இதனால்தான். தாமதத்தைப் பற்றி: துறை விசாரணையை ஆறு மாதத்தில், அதிகபட்சம் ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான்கு ஆண்டு கிடந்த கோப்புகளையும் நான் பார்த்திருக்கிறேன். சாட்சி சொல்ல வந்த மாணவன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், மீசையோடு.

ஏழாம் படி: அறிக்கை, ஆணை, மேல்முறையீடு

விசாரணை அறிக்கையின் நகலை ஆசிரியருக்குக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் ஆணை. 1993இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்த விதி இது. பணிநீக்கமோ பணியறவோ என்றால், நியமன அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் கையெழுத்திட முடியாது. அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பு அப்படி. அறிக்கையிலிருந்து மாறுபட்டு "நிரூபணமானது" என்று முடிவெடுக்க விரும்பும் அலுவலர் அதற்கான காரணத்தையும் முதலில் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணை வந்தபின் ஆசிரியருக்கு மேல்முறையீடு உண்டு. பெற்ற தேதி அங்கேயும் முக்கியம்.

புகார்தாரரை இந்த விதிகள் ஒரு சாட்சியாகத்தான் பார்க்கின்றன. என்ன தண்டனை என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆனால் குறிப்பாணை, தண்டனை ஆணை ஆகியவற்றின் நகலைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள், 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி. கேள்வியை மாற்றுங்கள்: "இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் தற்போதைய நிலை என்ன, எந்த அலுவலரிடம் நிலுவையில் உள்ளது?" இதற்குப் பதில் கிடைக்கும். கோப்பும் நகரும்.

ஆணை பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று தலைமையாசிரியர் பார்க்க வேண்டும். குற்றமில்லை என்று முடிந்திருந்தால் அதுவும் ஏற வேண்டும். என் மீது வந்த புகார் கைவிடப்பட்ட ஆணை பதினொரு மாதம் அலுவலகத்தில் கிடந்தது. அதை நானே போய்க் கேட்டு வாங்கி வந்து, நகல் எடுத்து, ஆசிரியர் அறையில் எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்தேன்.